இசைத்தட்டில் இல்லாத குரல்

அரக்கோணம் சந்திப்பில் இறங்கி நிற்பவருக்கு முன்னே இரண்டு தடங்கள் பிரிகின்றன. ஒன்றில் ஏறினால் ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் திருத்தணிகை மலை. மற்றொன்றில் ஏறினால் 30 கி.மீ.க்குள் காஞ்சிபுரம். 1856ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை அரக்கோணம் வழியாகவே வாலாஜா ரோடு நோக்கிச் சென்றது. அரக்கோணத்தையும் காஞ்சியையும் இணைக்கும் பாதை 1865இல் வந்தது. சரக்கும் பட்டும் அடியார்களும் மாறிமாறிப் பயணம் செய்த இந்தச் சந்திப்பில், ஞாயிற்றுக்கிழமை விடியலில் நண்பர்கள் நால்வர் கூடினோம். காலையில் தணிகை, மாலையில் காஞ்சி என்பது திட்டம். கோயில்களைப் பார்ப்பதற்காகப் புறப்பட்ட நாங்கள் ஒரு குரலைத் தேடித் திரும்புவோம் என்று அப்போது நினைக்கவில்லை.

மலையில் தொடங்கிய பாட்டு

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365 என்பது வழக்கு. ஆண்டின் நாளுக்கு ஒரு படி. ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் படிதோறும் திருப்புகழ் பாடி ஏறும் படித்திருவிழா இங்கே பெயர்பெற்றது. அதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். நாங்கள் சென்றது திருவிழா நாள் அன்று. ஆயினும் பாதிப் படியில் அமர்ந்து இளைப்பாறிய ஒரு பாட்டியார், தம் பேரனுக்குத் திருப்புகழின் சந்தத்தைத் தொடையில் தட்டிக் கற்பித்துக் கொண்டிருந்தார். சொல் பிறழ்ந்தபோது பொறுத்துக்கொண்டார். தட்டு பிறழ்ந்தபோது பொறுக்கவில்லை. "சொல்லு போனாப் போகுதுடா கண்ணு, தாளத்த விட்டுடாதே" என்றார்.

அவர் அறியாமலே ஒரு பெரிய வரலாற்றைச் சுருக்கிச் சொல்லிவிட்டார். அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டினர். அவர் பாடியவற்றுள் இன்று நம் கைக்கு வந்திருப்பவை 1,300க்குச் சற்று மேற்பட்டவை. அவையும் ஏடுகளில் சிதறிக் கிடந்தன. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடித் திரட்டி முதற்பாகத்தை 1894இல் அச்சேற்றினார். அவர் மகனார் செங்கல்வராய பிள்ளையோ தணிகை மலையின் பெயராலேயே 'தணிகைமணி' என்று அழைக்கப்பட்டார். தந்தையும் மகனும் சொற்களைக் காத்தார்கள். சந்தம் சொல்லுக்குள்ளேயே பின்னப்பட்டிருந்ததால் தாளமும் பிழைத்தது. ஆனால் அருணகிரியார் பாடிய பண் ஏட்டில் ஏறவில்லை. இன்று நாம் கேட்கும் திருப்புகழ் மெட்டுகள் பின்னால் வந்த இசைவாணர்கள் அமைத்தவை.

இதே மலையில் தொடங்கிய இன்னொரு பாட்டின் கதை வேறு விதமானது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) காசியிலிருந்து திரும்பிய பின் இங்கு வந்து வழிபட்டபோது, முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அக்கணமே 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்ற மாயாமாளவகௌளைக் கிருதி பிறந்தது என்றும் மரபு சொல்கிறது. 'குருகுஹ' என்னும் முத்திரை அவருடைய கிருதிகளில் நிலைத்தது தணிகையிலிருந்துதான். தீட்சிதரின் சாகித்யமும் மெட்டும் சேர்ந்தே பிழைத்தன. காரணம், அவற்றைச் சீடர்களும் குடும்பத்தாரும் பாடாந்தரமாகக் காத்தனர். அக்குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் எட்டயபுரத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் அவற்றைக் கமகக் குறியீடுகளோடு எழுதி வைத்தார்.

ஒரே மலை, இரண்டு இசைகள். ஒன்றில் சொல் தங்கிப் பண் போயிற்று. மற்றொன்றில் இரண்டும் தங்கின. ஆனால் இரண்டிலுமே குரல் இல்லை. அருணகிரியாரின் குரல் எப்படி இருந்தது, தீட்சிதர் எந்தச் சுருதியில் பாடினார் என்பன காற்றோடு போயின. அக்காலத்தில் குரலைப் பிடித்து வைக்க வழியில்லை. அதனால் அந்த இழப்பை நாம் இழப்பாகக் கூட எண்ணுவதில்லை.

ரயிலில் எழுந்த கேள்வி

நண்பகலில் அரக்கோணம் திரும்பிக் காஞ்சிக்கான வண்டியில் ஏறினோம். தணிகையில் கேட்ட பேச்சின் தொடர்ச்சியாக, நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் டி.கே. பட்டம்மாள் பாடிய தீட்சிதர் கிருதிகளை ஒலிக்கவிட்டார். பட்டம்மாள் அவற்றை நூலிலிருந்து மட்டும் கற்றவர் அல்லர். சுப்பராம தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதரிடமே பாடம் கேட்டவர். ஆகவே தணிகை மலையில் தொடங்கிய ஒரு நீரோட்டம் வாய்வழியாக இறங்கி அவருடைய தட்டுகளில் வந்து தேங்கியிருக்கிறது எனலாம்.

"இவங்க சின்ன வயசில யாரைக் கேட்டுப் பாடக் கத்துக்கிட்டாங்க?" என்று நண்பர் கேட்டார். "காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையை" என்றோம். "சரி, அவர் பாட்டையும் போடுவோமே" என்று அவர் விரலை ஓட்டினார். சிறிது நேரம் தேடினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

இல்லை. நூறாண்டுக்கு முன் பாடிய எத்தனையோ பேரின் குரல் அந்தச் சிறு கருவிக்குள் கிடைக்கிறது. நயினாப் பிள்ளையின் குரல் மட்டும் கிடைக்காது. அவர் இசைத்தட்டுக்குப் பாட இசையவில்லை. தீட்சிதர் காலத்தில் வழியில்லை. நயினாப் பிள்ளை காலத்தில் வழி இருந்தது, அவர் வேண்டாம் என்றார். இந்த இழப்பு வேறு வகையானது. இதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

ஊதுகுழல் முன்னே ஒரு கச்சேரி

சுப்பிரமணிய பிள்ளை என்ற இயற்பெயர் கொண்ட நயினாப் பிள்ளை 1889இல் பிறந்து 1934இல் மறைந்தார். தாளத்தில் அவருக்கு இருந்த ஆட்சி அக்கால இசையுலகில் பழமொழி போல் ஆகியிருந்தது. பாடகருக்குப் பின்னே வயலினும் மிருதங்கமும் போதும் என்றிருக்க, அவர் கச்சேரியில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்திருக்கும். ரசிகர்கள் நீதிமன்ற மொழியைக் கடன்வாங்கி அதை 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்றார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே கடினமான தாளங்களில் பல்லவி பாடி, ஒவ்வொரு லயக் கலைஞரோடும் பொருதி, எடுப்பில் வந்து இறங்குவது அவர் வழி. திருப்புகழைக் கச்சேரி மேடையில் ஏற்றிய முன்னோடிகளுள் அவர் ஒருவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தணிகைப் பாட்டியார் விடக்கூடாது என்று சொன்ன தாளத்தை அரங்கில் அரசாள வைத்தவர் அவர்.

இப்போது அந்நாளைய ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்று பார்ப்போம். எடிசன் ஒலியைப் பதிந்தது 1877இல். தட்டு வடிவத்தைப் பெர்லினர் 1887இல் கண்டார். கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலானோரைப் பதிந்தார். ஒலிவாங்கி இல்லாத காலம் அது. பாடுபவர் ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் முகத்தை வைத்தாற்போல் நின்று உரக்கப் பாட வேண்டும். அதன் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். தோற்கருவிகளின் அதிர்வு ஊசியைத் தடுமாறச் செய்யும் என்பதால் அவற்றைத் தள்ளி வைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். முடிவில் பாடியவர் தம் பெயரைத் தாமே சொல்வார். ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் தட்டு அச்சிடுவோர் எது யாருடையது என்று அறிய வேண்டுமல்லவா? 1925ஐ ஒட்டி மின்முறைப் பதிவு வந்து ஊதுகுழல் ஒழிந்தது. மூன்று நிமிட எல்லை மட்டும் 1948இல் நெடுந்தட்டு வரும்வரை ஒழியவில்லை.

மூன்று நிமிடத்தில் ஒரு கிருதியைச் சுருக்கிப் பாடலாம். ஒரு பல்லவியை நான்கு காலங்களில் விரித்து, ஐந்து லயக் கலைஞர்களுக்கும் முறைவைத்து, திரும்பி வர முடியுமா? நயினாப் பிள்ளையின் மறுப்பில் பாதிக்கு அவர் கச்சேரியின் அளவே விடை சொல்கிறது. தட்டில் ஏறுவதற்கு அவர் தம் இசையின் பெரும்பகுதியை வெட்டி எறிந்திருக்க வேண்டும்.

ஆயினும் நாம் இங்கே நின்றுவிட்டால், மறுத்தவர் பெரியவர், பாடிக் கொடுத்தவர் விலைபோனவர் என்ற எளிய தீர்ப்புக்கு வந்துவிடுவோம். அந்தத் தீர்ப்பு தவறு என்பதற்கு நயினாப் பிள்ளையின் சொந்த வீடே சாட்சி. அவருடைய தாயின் உடன்பிறந்தவரான காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், ஊதுகுழல் காலத்திலேயே இசைத்தட்டுக்குப் பாடியவர். ஒரே வீட்டின் ஒரு குரல் கீறலோடும் இரைச்சலோடும் நம் காதுக்கு வருகிறது, மற்றொன்று வரவில்லை. தென்னாட்டில் முதன்முதலில் துணிந்து அந்த ஊதுகுழல் முன் நின்றவர்களில் பலர் இசைவேளாளர் மரபுப் பெண்கள்: சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர்களுடைய கலைக்கு இருந்த பழைய புரவலர் உலகம் குலைந்துகொண்டிருந்த காலத்தில், தட்டு அவர்களை முன்பின் அறியாத வீடுகளுக்குள் கொண்டுசென்றது.

தாமலிலிருந்து வந்த சிறுமி

காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் என்னும் ஊரின் பெயரைத் தாங்கியது பட்டம்மாளின் முதலெழுத்து. தாமல் கிருஷ்ணசுவாமி தீட்சிதரின் மகளாக 1919இல் பிறந்தவர் அவர். அவருடைய தாயார் காந்திமதி நன்றாகப் பாடக் கூடியவர். ஆனால் ஆசாரமான குடும்பத்துப் பெண் பாடக் கூடாது என்ற கட்டுப்பாட்டால், உறவினர் முன்னும் தோழியர் முன்னும் கூட அவர் பாடியதில்லை.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டுகிறோம். காஞ்சிபுரத்தில் ஒரே காலத்தில் இரண்டு குரல்கள் பதிவாகாமல் போயின. ஒன்று நயினாப் பிள்ளையுடையது. அவர் மேடையில் ஆயிரம் பேர் கேட்கப் பாடினார். தட்டு வந்து கேட்டபோது மறுத்தார். மற்றொன்று காந்திமதியுடையது. அவரை யாரும் கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும் அவர் விடை சொல்லும் இடத்தில் இல்லை. இரண்டு மௌனங்களும் இன்று நம் கைப்பேசியில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஒன்று உரிமை, மற்றொன்று தளை. மறுப்பதற்கும் ஒரு மேடை வேண்டியிருக்கிறது.

பட்டம்மாள் குருகுலத்தில் இருந்து கற்றவர் அல்லர். பிற்காலத்தில் தம் இளமையை நினைவுகூர்ந்த போதெல்லாம் அவர் கேள்வியைத்தான் முதலில் வைத்தார். காஞ்சியில் நடக்கும் கச்சேரிகளுக்குச் சகோதரர்களோடு செல்வார். கேட்டவற்றை வீடு திரும்பியதும் நினைவிலிருந்து பாடிப் பார்த்து, ஸ்வரப்படுத்தி எழுதிக்கொள்வார்கள். ராகத்தின் முக்கியமான பிடிகளையும் குறித்துக்கொள்வார்கள். அன்று இரவே எழுதாவிட்டால் போயிற்று. மறுபடி கேட்க வேண்டுமென்றால் அந்தப் பாடகர் மறுபடி அந்த ஊருக்கு வந்து அதே உருப்படியைப் பாட வேண்டும். அந்தக் கவலைதான் அவருடைய ஆசான் என்று தோன்றுகிறது.

நயினாப் பிள்ளை காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜர் உற்சவம் நடத்திவந்தார். அதில் அவர் வைத்த ஒரு போட்டியில், ஏறத்தாழ எட்டு வயதான பட்டம்மாள் 'ரக்ஷ பெட்டரே' என்ற பைரவி ராகக் கிருதியைப் பாடிப் பரிசு பெற்றார். பரிசளித்தவர் பெருமகிழ்ச்சி அடைந்தார் என்பது குடும்பத்தில் போற்றப்பட்ட நினைவு. தட்டுக்குப் பாடாத பெரியவர் முன் அன்று பாடிய சிறுமி, பின்னாளில் தம் தலைமுறையில் மிகுதியாகத் தட்டில் ஒலித்த குரல்களில் ஒருவரானார்.

அதற்கும் தடை இருந்தது. பள்ளி நாடகமொன்றில் சிறப்பாகப் பாடியதால் அவரைத் தேடி இசைத்தட்டு வாய்ப்பு வந்தபோது தந்தையார் தயங்கினார். நலம் விரும்பிகள் எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார். ஒரு விதத்தில் தட்டு அந்தத் தயக்கத்துக்கு ஏற்ற கருவியாக அமைந்தது. பெண் மேடையேற வேண்டியதில்லை. அந்நியர் பார்வைக்கு முன் அமர வேண்டியதில்லை. குரல் மட்டும் ஊர் சுற்றும். ஆனால் ஊர் சுற்றிய குரல் அதன் உடையவரையும் அழைத்தது. 1932இல் சென்னை ரசிக ரஞ்சனி சபையில் பாடினார். அந்தணக் குடும்பத்துப் பெண்களில் இவ்வாறு மேடைக் கச்சேரிக்கு வந்தவர்களுள் முதல்வராக அவரைச் சொல்வார்கள். 1939இல் 'தியாகபூமி' படத்தில் அவர் பாடினார். பாரதியார் பாடல்கள் அவர் குரலில் வீடுதோறும் சென்றன. 1947 ஆகஸ்ட் 15இல் வானொலியில் விடுதலையை வரவேற்றுப் பாரதியின் பாட்டைப் பாடியதும் அவரே. தாய் வீட்டுக்குள்ளும் பாடாத குடும்பத்தில், மகள் ஒரு நாட்டின் பிறப்புக்குப் பாடினார். இடைப்பட்ட காலம் ஒரே தலைமுறை.

அவர் நயினாப் பிள்ளையிடமிருந்து கொண்டது வெறும் உருப்படிகளை அன்று. ராகம் தானம் பல்லவி ஆண்களின் களம் என்று கருதப்பட்ட நாளில், கடினமான தாளங்களில் பல்லவி பாடி 'பல்லவி பட்டம்மாள்' என்ற பெயர் பெற்றார். அவர் தொடையில் தட்டிய அந்தத் தாளம் எங்கே கேட்டது என்று நாம் சொல்லத் தேவையில்லை. 1970இல் சங்கீத கலாநிதி விருது வந்தது. 2009இல் மறையும்வரை காஞ்சியின் பெயரும் அவரோடு இருந்தது.

கேட்டவர்களிடம் தங்கியது

நயினாப் பிள்ளையைக் கேட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. தணிகைக்கு மேற்கே சித்தூரிலிருந்து வந்து சீடரான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975) அவர்களுள் முதன்மையானவர். ஆசிரியர் தட்டுக்கு மறுத்தார். மாணவரோ தட்டுகளால் புகழ்பெற்றார். அவரிடம் பயின்றவர் மதுரை சோமு. வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தாவைக் குடும்பத்தார் காஞ்சிக்கு அனுப்பி நயினாப் பிள்ளையிடம் பாடம் கேட்கச் செய்தனர். இந்த மூன்று வழிகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். பட்டம்மாளின் கம்பீரம் வேறு, பிருந்தாவின் நுணுக்கம் வேறு, சோமுவின் பெருக்கு வேறு. மூவரையும் ஒருவர் போலச் செய்யாமல் விட்டது எது? அவர்கள் முன்னோரின் தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் படியெடுக்கவில்லை. ஒருமுறை கேட்டதைத் தத்தம் குரலுக்குள் வைத்து வளர்த்தார்கள். இது குரு தட்டுக்குப் பாடாததால் விளைந்த நன்மை என்று ஒருவர் வாதிடலாம். நாங்கள் அதை முழுதும் ஏற்கவில்லை. அந்தக் குரலை ஒரு நிமிடம் கேட்க முடிந்தால் இந்தக் கட்டுரையையே விட்டுக்கொடுப்போம்.

இந்த வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஃபிலிப் சூசா 1906இலேயே இயந்திர இசையின் ஆபத்தைப் பற்றி எழுதினார். பாட்டுப்பெட்டி வீட்டுக்கு வந்தால் மக்கள் தாமே பாடுவதை விட்டுவிடுவார்கள் என்பது அவர் அச்சம். இதற்கு நேர்மாறாகக் கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல் மேடையைத் துறந்து, எஞ்சிய வாழ்நாள் முழுதும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே வாசித்தார். ஒருவருக்குத் தட்டு பகை. ஒருவருக்கு அதுவே அடைக்கலம். காஞ்சிபுரமோ இந்த இரு முனைகளையும் ஒரே ஊருக்குள், ஒரே வீட்டுக்குள் கூட வைத்திருந்தது.

எங்களுக்குத் தெளிவானது இவ்வளவுதான். பதிவு செய்வதா மறுப்பதா என்பதல்ல வரலாற்றின் முதற்கேள்வி. விடை சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பது முதற்கேள்வி. கேட்க யார் இருந்தார்கள் என்பது இரண்டாவது. நயினாப் பிள்ளைக்கு முதலாவதும் இருந்தது, இரண்டாவதும் இருந்தது. ஆகவே தட்டின்றியும் அவர் முற்றாக மறையவில்லை. காந்திமதிக்கு முதலாவது இல்லை. ஆனால் அவர் வீட்டிலேயே ஒரு சிறுமியின் செவி இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அடுக்களைப் பக்கம் தாய் தமக்குள் முணுமுணுத்த ஒன்று, மகளின் குரலில் எங்கோ கலந்திருக்கும் என்று நம்ப எங்களுக்கு விருப்பம்.

இரவு அரக்கோணம் திரும்பியபோது சென்னை வண்டிக்கு நேரம் இருந்தது. நண்பர் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டார். நண்பகலில் ரயிலில் கேட்ட ஒரே ஒரு கிருதியை, பட்டம்மாளும் சகோதரர்களும் செய்தது போல, நினைவிலிருந்து நால்வரும் கூடிப் பாடிப் பார்ப்போம் என்றார். பல்லவி ஒருவாறு வந்தது. அனுபல்லவியின் இரண்டாம் அடியில் நால்வரும் நின்றுவிட்டோம். எத்தனையோ முறை கேட்ட பாட்டு அது. எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால் எப்போதும் கேட்காமலே இருந்திருக்கிறோம்.

வாசகர்களில் பலர் வீட்டிலும் மேடை காணாத ஒரு குரல் இருக்கக்கூடும். தாலாட்டோ திருப்புகழோ நலங்குப் பாட்டோ தெரிந்த ஒரு பாட்டி, ஓர் அத்தை. அவர்களைப் பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். இசைவு கேட்டே பதியுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, அன்று இரவே எழுதியாக வேண்டும் என்ற கவலையோடு எதிரே அமர்ந்து கேளுங்கள்.